காந்த வளைய நினைவகம்

சிறு ஃபெரைட் வளையங்களின் காந்தத் திசையால் 0, 1 என்னும் இரு நிலைகளைக் குறித்துவைக்கும் கணினி நினைவகம். 1950களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கணினிகளின் முதன்மை நினைவகமாக இருந்தது.

வளையத்தின் துளை வழியே மின்னோட்டம் பாய்ந்தால் வளையம் ஒரு திசையில் காந்தமேறும். எதிராகப் பாய்ந்தால் திசை புரளும். ஆனால் ஓட்டம் குறிப்பிட்ட அளவை எட்டும்வரை அது புரளாது. இந்தக் காந்தத் தயக்கத்தை நம்பியே நினைவகம் நிற்கிறது. பாவும் ஊடையும்போலக் கம்பிகளைக் கட்டி, அவை கடக்குமிடம்தோறும் ஒரு வளையத்தைக் கோப்பர். தேவையான ஓட்டத்தில் பாதியை ஒரு பாவுக் கம்பியிலும் மறுபாதியை ஓர் ஊடைக் கம்பியிலும் விட்டால், இரண்டும் கூடும் வளையம் மட்டும் புரளும். பாதி ஓட்டம் பட்ட மற்றவை அசையா. இதுவரை சென்னிமலைப் போர்வையின் நெசவுதான். படிப்பதற்கான கம்பியோ, பனியன் துணியில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக ஓடுவதுபோல, இப்படிக் கோத்த தட்டின் எல்லா வளையங்களிலும் நுழைந்து செல்கிறது. வளையத்தை 0 பக்கம் தள்ளும்போது அதில் 1 இருந்திருந்தால் இக்கம்பியில் சிறு துடிப்பு எழும். படித்ததும் 1 அழிவதால் உடனே திரும்ப எழுத வேண்டும். மின்சாரம் நின்றாலும் பதிவு அழியாது. ஊசியும் உருப்பெருக்கியும் கொண்டு வளையங்களைக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கைநுட்பம் இயந்திரத்தின் வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை.

முதலில் கண்டவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆன் வாங், ஜே ஃபாரெஸ்டர், யான் ராய்ச்மன் ஆகியோர் பெயர்கள் கூறப்படுகின்றன. 1953இல் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் இது பொருத்தப்பட்டது.

இந்தியாவில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஃப்ராக் கணினி இதைக் கொண்டிருந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் தலைமையில் அது உருவானது. 40 பிட் கொண்ட 2,048 சொற்கள், அதாவது 81,920 பிட்டுகள் அதன் கொள்ளளவு. உடன் 2,700 வெற்றிடக் குழாய்கள். தொடக்க ஆண்டு 1959 என்றும் 1960 என்றும் காணப்படுகிறது. கட்டி முடித்ததையும் பயன்பாட்டுக்கு வந்ததையும் தனித்தனியே கணக்கிட்டதால் இவ்வேறுபாடு எழுந்திருக்கலாம். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155இன் முதன்மை நினைவகமும் இவ்வகையே.

1970களில் சிலிக்கான் சில்லுகள் இதன் இடத்தைப் பிடித்தன. காந்தம் புரட்டும் முறை எம்ரேம் எனப்படும் காந்த நினைவகச் சில்லுகளில் மீண்டும் வந்தது. 2006இல் 4 மெகாபிட் சில்லு விற்பனைக்கு வந்தது. அதில் வளையத்துக்குப் பதில் மெல்லிய காந்தப் படலங்கள் புரள்கின்றன.