எந்த ஏரியாப் பூச்சி?

ரமணாசிரமத்தை ஒட்டிய ஒரு சந்து. மழை விட்ட இரவு. வாடகை வீட்டுத் திண்ணைச் சுவரில், டியூப்லைட்டுக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அகலத்தில் ஓர் அந்துப்பூச்சி. நாலு சிறகையும் சுவரோடு சுவராக அப்பிக்கொண்டிருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்த காவி வேட்டி நிறம். குறுக்கே நெளிநெளியாகச் சாம்பல் கோடுகள். சிறகுக்கொரு கறுப்புப் புள்ளி. காவடிப்புழு வளர்ந்து வருகிற ஜியோமெட்ரிடே குடும்பம். ஸ்கோபுலா எமிஸ்ஸேரியா என்று உத்தேசமாகக் குறித்துக்கொண்டேன். உத்தேசம்தான், இந்தப் பேரினத்தில் வெறும் சிறகைப் பார்த்து இனம் சொல்வது கைரேகை பார்ப்பது மாதிரி.

பெயர் வைத்தவர் பிரான்சிஸ் வாக்கர், 1861. பிரிட்டிஷ் மியூசியத்துக்காக 1854 முதல் 1866 வரை 35 பாகங்களாகப் பட்டியல் போட்டவர். அதில் செய்த குளறுபடிக்காக, 1874இல் அவர் இறந்தபோது ஒரு பூச்சியியல் இதழ், இருபது வருஷம் முன்பே போயிருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும் என்கிற தொனியில் இரங்கல் எழுதியது. இரங்கலா அது!

வாக்கரின் பட்டியலுடைய ஸ்கேன் பிரதியில் ‘ஸ்கோபுலா’வைத் தேடினேன். வந்ததெல்லாம் வேறு குடும்பத்து அந்துகள். ஒரு சாயங்காலம் வீண். பிறகுதான் உறைத்தது: வாக்கர் நம்ம பூச்சியை வைத்திருந்தது ‘அசிடேலியா’ என்ற பேரினத்தில். ட்ரைட்ஷ்கே 1825இல் சூட்டிய அந்தப் பெயரை, அதற்கு முன்பே ஹூப்னர் ஒரு வண்ணத்துப்பூச்சிக்குக் கொடுத்துவிட்டிருந்தார். முந்தியவருக்கே பட்டா. அதனால்தான் ஷ்ராங்க் 1802இல் ஏற்படுத்திய ஸ்கோபுலாவுக்கு நம்ம பூச்சி குடிபெயர்ந்தது.

இன்னொரு துப்பு, பெயரின் வால். 1758இல் லின்னேயஸ் ஒரு வழக்கம் வைத்தார்: உணர்கொம்பு சீப்பு மாதிரி இருந்தால் ‘ஏரியா’, நூல் மாதிரி இருந்தால் ‘ஏட்டா’. அப்படியானால் எமிஸ்ஸேரியாவுக்குச் சீப்பு இருக்க வேண்டும்.

மறுநாள் இரவும் அதே சுவரில் ஒன்று. மூச்சை அடக்கிக்கொண்டு லென்ஸைப் பிடித்தேன். சீப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. நூல் கொம்பு, அதன் ஓரத்தில் பூனைமயிர். வாக்கர் காலத்துக்குள் அந்த வால் வெறும் குடும்ப முத்திரையாகிவிட்டிருந்தது. கொம்பைப் பார்த்து யாரும் ஒட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்.

“செவுத்துல இன்னா சார், பல்லியா?”

“இல்ல பாட்டி, அந்து.”

“அந்தா? அரிசி டப்பாவ மூடி வைங்க.”