நாலு சென்ட் தரையும் ஒரு பந்தும்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து குமராட்சியைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் வயல்தான் தெரியும். கீழணையில் பிரிந்து வரும் வடக்கு ராஜன் வாய்க்காலும் தெற்கே கொள்ளிடமும் வளர்த்த ஊர்கள் இவை. ஒரு குழி நிலம்கூட இங்கே சும்மா கிடக்காது. கால்பந்து ஆடக் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் ஏக்கர் தரை வேண்டும். நெல் விளையும் ஊரில் அவ்வளவு இடத்தை விளையாட்டுக்கு யார் கொடுப்பார்கள்? வாலிபால் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பெருக்கிப் பார்த்தால் 162 சதுர மீட்டர், அதாவது நாலு சென்ட். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரத்திலோ களத்துமேட்டிலோ அறுவடை முடிந்த தாளடி வயலிலோ அது கிடைத்துவிடும். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் இந்தப் பந்து வேர்விட்டதற்கு நான் சொல்லும் முதல் காரணம் அந்த நாலு சென்ட்தான்.

அந்தப் பந்து பிறந்த இடத்துக்கும் வயலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஹோலியோக் என்ற ஊர், காகித ஆலைகளுக்குப் பேர்போனது. 1895-இல் அங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்தவர் வில்லியம் மார்கன். பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் நாலு வருஷம் முன்புதான் கூடைப்பந்து பிறந்திருந்தது. இளைஞர்களுக்கு அது சரி; மூச்சிரைக்கும் நடுவயதுக்காரர்களுக்கு ஓட்டமும் இடியும் இல்லாத ஓர் ஆட்டம் வேண்டும் என்று மார்கன் நினைத்தார். வலையை ஆறரை அடி உயரத்தில் கட்டினார். கூடைப்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடரை மட்டும் எடுத்துத் தட்டிப் பார்த்தார். காற்றில் மெத்தனமாக மிதந்தது. முழுப் பந்தைத் தட்டிப் பார்த்தார், கை வலித்தது. கடைசியில் ஸ்பால்டிங் கம்பெனிக்காரர்கள் தோல் போர்த்திய ஒரு பந்தைச் செய்து கொடுத்தார்கள். சுற்றளவு 25 முதல் 27 அங்குலம், எடை 9 முதல் 12 அவுன்ஸ். இன்றைய சர்வதேசப் பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர், எடை 260 முதல் 280 கிராம். அன்று போட்ட அளவுக்குள்ளேயே இன்றைய பந்தும் அடங்கிவிடுகிறது. இவ்வளவு காலத்தில் ஆட்டம் எவ்வளவோ மாறிவிட்டது, பந்து அப்படியே இருக்கிறது. அது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

மார்கன் எழுதிய முதல் விதிகளில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரு பக்கம் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து என்று வாழ்ந்த நம் பள்ளிக்கூடங்களை அறியாமலே அவர் எழுதிவைத்த விதி அது. டிரில் பீரியடில் பக்கத்துக்குப் பதினைந்து இருபது பேராக நெருக்கி நின்று ஆடியவர்களுக்கு இது புரியும்.

அங்கிருந்து பந்து ஒய்.எம்.சி.ஏ.வின் கையைப் பிடித்துக்கொண்டு கடல் கடந்தது. பிலிப்பைன்ஸில் அதற்கு ஒரு புது வேகம் கிடைத்தது. ஒருவர் உயரத் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் எகிறி அடித்து எதிர்க்களத்தில் இறக்கும் முறையை 1916 வாக்கில் அந்த நாட்டுக்காரர்கள் வளர்த்தெடுத்தார்கள். ஓய்வாகத் தட்டுவதற்குச் செய்த பந்து அங்கேதான் அடிபடும் பந்தானது. நம் ஊரில் ‘ஸ்மாஷ்’ என்று கத்திக்கொண்டு எகிறுகிற பையன் மார்கனைவிட அந்த மணிலாக்காரர்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டவன்.

சென்னையில் அதற்கு வாசல் திறந்தவர் ஹாரி குரோ பக். 1920-இல் அவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பின்னாளில் அது சைதாப்பேட்டைப் பக்கம், நந்தனத்தில் நிலைகொண்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு போனவரும் அவர்தான். ஆனால் எனக்கு முக்கியம் ஒலிம்பிக் இல்லை. அந்தக் கல்லூரியில் படித்து முடித்தவர்கள் விசிலும் பந்துமாக மாகாணத்தின் பள்ளிகளுக்குப் போனார்களே, அது. பந்து தனியாக வந்திருந்தால் பட்டணத்துக் கடை அலமாரியிலேயே கிடந்திருக்கும். ஆடக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாரோடு வந்ததால் அது கிராமத்துக்கு இறங்கியது. கவாத்துச் சொல்லிக்கொடுத்த டிரில் மாஸ்டர் மெல்ல மெல்லப் பி.இ.டி. சார் ஆனார்.

1951-இல் இந்திய வாலிபால் கூட்டமைப்பு உருவானது. அதன் முதல் தேசியப் போட்டி 1952-இல் சென்னையில் நடந்தது. 1961-இல் அர்ஜுனா விருது தொடங்கிய முதல் வருஷமே வாலிபாலுக்கான விருது தமிழகத்து வீரர் ஏ. பழனிசாமிக்குக் கிடைத்தது.

பந்தைத் தைத்த கைகளும் இடம் பெயர்ந்திருக்கின்றன. பிரிவினைக்கு முன் விளையாட்டுச் சாமான் என்றால் சியால்கோட்தான். 1947-இல் அங்கிருந்து எல்லை தாண்டி வந்த கைவினைஞர்கள் ஜலந்தரில் தொழிலை மறுபடி தொடங்கினார்கள். வீடு வாசலை விட்டு வந்தவர்கள் ஊசியையும் மெழுகு நூலையும் கைப்பழக்கத்தையும் விடவில்லை. இன்றும் பள்ளிப் பந்துகளில் பாதிக்கு மேல் அந்த ஊரையோ மீரட்டையோ நினைவுபடுத்துவதாக எனக்குத் தோன்றும்.

தோல் பந்துக்கு இந்த மண்ணில் ஐப்பசி கார்த்திகைதான் எதிரி. வடகிழக்குப் பருவமழையில் களம் சேறாகும். தோல் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். நான் படித்த பள்ளியில் அப்படி ஊறிய பந்தை ‘லிஃப்ட்’ எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் முன்கை இரண்டும் சிவந்து தடித்திருக்கும். சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கவே வலிக்கும். தையல் விட்டால் செருப்புத் தைப்பவரிடம் போகும். காற்று இறங்கினால் சைக்கிள் கடைக்குப் போகும், பின் செருகி அடித்துத் தருவார்கள். பிளாடர் ஓட்டையானால் டியூபுக்கு ஒட்டுகிற அதே பசையும் அதே ரப்பர் துண்டும்தான். ஒரு பந்து உயிரோடிருக்க அரை ஊர் கை கொடுத்தது. செயற்கைத் தோல் பந்து வந்தபின் மழைக் கவலை குறைந்தது. அந்தக் கைகளுக்கும் வேலை குறைந்தது.

இப்போது மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டுக்கென வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. பந்து, வலை, குண்டு, வட்டு எல்லாம் அதற்குள்தான். தொகையைவிட எனக்குக் கவலை தருவது நேரம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்றாலே விளையாட்டுப் பீரியடைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்கின்றன. பந்து பீரோவுக்குள் கிடக்கிறது. ஆடாமல் கிடக்கும் பந்து ஆடித் தேய்ந்த பந்தைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும். அந்தப் பீரியடைப் பறிக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். குறுவட்டத்தில் ஜெயித்து, மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு அது பஸ் ஏறி வெளியூர் பார்க்கும் முதல் பயணமாகக்கூட இருக்கலாம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பள்ளி கைவிட்டாலும் ஊர் கைவிடவில்லை. தை பிறந்தால் பொங்கல் போட்டிக்கு மூங்கில் நட்டு, லைட் கட்டி, விடிய விடிய ஆடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் புதுப் பந்து பையன்களுக்கு. தோல் உரிந்து, சற்றே கோணிப்போனது பெண் பிள்ளைகளுக்கு, எறிபந்து ஆட. எறிபந்தும் சென்னை ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் நமக்குப் பழக்கமானது. நல்ல ஆட்டம், அதில் குறையில்லை. பழைய பந்தே பெண்களுக்குப் போதும் என்று நினைப்பதுதான் குறை. கூடைப்பந்தில் பெண்களுக்குப் பந்தின் அளவு வேறு. வாலிபாலில் அப்படி இல்லை, அதே சுற்றளவு, அதே எடை. வலை மட்டும் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கம்பத்தில் கயிற்றை ஒரு சாணுக்கும் குறைவாக இறக்கிக் கட்டினால் போதும். புதுப் பந்தை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.