வீட்டில் செய்த கண்ணாடி

1781, மார்ச் 13. இரவு மணி பத்தைத் தாண்டியிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரம், நியூ கிங் தெரு. ஒரு வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் நின்றுகொண்டு, டெலஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருந்தார் வில்லியம் ஹெர்ஷல். ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து பிழைக்க வந்தவர். தொழில், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பது. மற்ற நேரத்தில் பாட்டு வாத்தியார். வானம் அவருக்குப் பொழுதுபோக்கு!

அன்று ஒரு புள்ளி கண்ணில் பட்டது. நட்சத்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அது கிட்டத்தட்ட புள்ளியாகவே இருக்கும். ஹெர்ஷல் முதலில் பார்த்தது 227 மடங்கில். 460-க்குப் போனார். பிறகு 932. இந்தப் புள்ளியோ பெருத்துக்கொண்டே போனது.

வால் நட்சத்திரம் என்றுதான் அவரே எழுதி அனுப்பினார். மற்றவர்கள் அதன் பாதையைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சனிக்கும் அப்பால் சூரியனைச் சுற்றும் ஒரு கிரகம் அது. யுரேனஸ்! (நவக்கிரகங்களில் இடம் காலி இல்லை என்பதால் நம்ம ஊர்க் கோயில்களில் அதற்குச் சந்நிதி கிடைக்கவில்லை!)

குருட்டு அதிர்ஷ்டமா? அப்படிச் சொன்னால் நியாயமில்லை. கிரீனிச்சின் முதல் அரச வானியலாளர் ஃப்ளாம்ஸ்டீட் 1690-லேயே அதைப் பார்த்திருக்கிறார். ரிஷபத்தில் 34-வது நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பாரிஸில் லெ மோனியே 1769 ஜனவரியில் பலமுறை பார்த்தும் கோட்டை விட்டார். அவர்களுக்குக் கண் இல்லையா? இருந்தது. ஹெர்ஷலின் கண்ணாடிதான் இல்லை.

அது கடையில் வாங்கிய சரக்கு அல்ல. 1773-ல் பெரிய கண்ணாடிக்கு லண்டனில் விலை கேட்டிருக்கிறார் ஹெர்ஷல். சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. பாத் நகரில் ஒருவர் பொழுதுபோக்காகக் கண்ணாடி தேய்த்துப் பார்த்துவிட்டு ஓய்ந்திருந்தார். அவருடைய சாமான்களை அப்படியே விலைக்கு வாங்கி, தானே இறங்கிவிட்டார்.

கண்ணாடி என்றால் நம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த உலோகம். கிட்டத்தட்ட நம் ஆரன்முளா கண்ணாடி மாதிரி. அதைக் குழிவாகத் தேய்க்க வேண்டும். ஒரு தலைமுடியை நூறாகப் பிளந்தால் வரும் தடிமன் அளவுக்குப் பிசகினாலும் பிம்பம் கெட்டது. கடைசிக்கட்ட மெருகின்போது கையை எடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி. ஒருமுறை தொடர்ந்து பதினாறு மணி நேரம் தேய்த்தார்.

சாப்பாடு? தங்கை கரோலின் ஊட்டிவிட்டார்!

கரோலின், அண்ணனைவிடப் பதினோரு வயது இளையவர். சிறுவயதில் வந்த டைஃபஸ் காய்ச்சலால் வளர்ச்சி நின்று, உயரம் நாலேகால் அடி. வீட்டு வேலைக்கு மகள் இருந்தால் போதும் என்று நினைத்த அம்மாவிடமிருந்து மீட்டு, பாடகி ஆக்குவதற்காக 1772-ல் அழைத்து வந்தார் அண்ணன். வந்த இடத்தில் வரவேற்பறையில் தச்சர், படுக்கையறையில் கடைசல் இயந்திரம். அண்ணன் தேய்க்கத் தேய்க்க, பக்கத்தில் உட்கார்ந்து அரபுக் கதைகளும் டான் குயிக்சாட்டும் படித்துக் காட்டினார் தங்கை.

கிரகம் கிடைத்த பிறகாவது அடங்கினார்களா? ம்ஹூம். அதே வருடம் மூன்றடி அகலக் கண்ணாடிக்குத் திட்டம். அச்சு எதில்? குதிரை லத்தியில்! மலைபோல் குவித்து, உரலில் இடித்து, சல்லடையில் சலித்தார்கள். அதில் பெரும்பங்கு கரோலினுடையது. முதலில் வார்த்தது ஆறும்போது விரிசல் விட்டது. ஆகஸ்டில் மறுபடி, 538 பவுண்டு, அதாவது சுமார் 244 கிலோ உலோகம். உலை ஒழுகிவிட்டது. உருகிய குழம்பு தரையில் ஓட, பாவிய கற்கள் சூட்டில் வெடித்துக் கூரைவரை பறந்தன. ஆட்கள் உயிர் பிழைத்து ஓடினார்கள். ஹெர்ஷல் களைத்துப்போய் உடைந்த செங்கல் குவியலில் விழுந்தார்.

இதற்கிடையே லண்டனில் முணுமுணுப்பு. ஒரு பாட்டு வாத்தியார் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறாராமே, நம்புகிற மாதிரியா இருக்கிறது? 1782-ல் தன் ஏழடி டெலஸ்கோப்பை கிரீனிச்சுக்கே எடுத்துப் போனார் ஹெர்ஷல். அரச வானியலாளர் மாஸ்கெலின் முன்னால், அரசாங்கக் கருவிகளின் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் செய்ததுதான் ஜெயித்தது! அன்று அவருக்கு இருந்திருக்கக்கூடிய பெருமையை, ஒரு நாற்காலியையாவது தானே செய்து பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வருடம் 200 பவுண்டு சம்பளம் கொடுத்தார். ஹெர்ஷல் இசையை விட்டார். கரோலின் பாட்டும் அதோடு போயிற்று. 1778-ல் ஹாண்டலின் ‘மெசையா’வில் பிரதானமாகப் பாடி, பர்மிங்ஹாமிலிருந்து அழைப்பு வாங்கியவர் அவர். அண்ணன் நடத்தும் கச்சேரியில் தவிரப் பாடமாட்டேன் என்று அதை மறுத்திருந்தார்! இனி அண்ணனுக்குக் கச்சேரியே கிடையாது. யாரும் அவரிடம் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

கையில் ஒரு சின்ன டெலஸ்கோப் கொடுக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு 1786 ஆகஸ்ட் 1 அன்று ஒரு வால் நட்சத்திரத்தைப் பிடித்தார் கரோலின். அடுத்தடுத்து மொத்தம் எட்டு. 1787-ல் மன்னர் அவருக்கும் வருடம் 50 பவுண்டு ஒதுக்கினார். தன் இஷ்டப்படி செலவழிக்கலாம் என்று வாழ்க்கையில் முதன்முதலாகத் தோன்றிய பணம் அதுதான் என்று பின்னாளில் எழுதிவைத்தார் கரோலின். அப்போது அவருக்கு வயது 37.