மூன்றாம் இலக்கம் யாருக்குச் சொந்தம்?



சீ மொழியில் எழுதிப் பழகும் நம் பிள்ளைகள் ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்துவிட்டால் நிரல் பொசுக்கென்று நின்றுவிடும். நிறுத்துவது யார்? அந்த இடத்துக்கு யார் உரிமையாளர் என்பதில் பெரிய இழுபறியே நடந்திருக்கிறது. இன்று அதைப் பேசுவோம்.

1978 இல் இன்டெல் 8086 புரொசஸரை வெளியிட்டது. நினைவகத்தின் முதல் 1024 பைட்டில் ஓர் அட்டவணை, அதில் 256 முகவரிகள். வகுத்தலில் தவறு வந்தால் 0 ஆம் இலக்கத்தில் உள்ள முகவரிக்குப் புரொசஸர் தாவும். ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிப் பார்க்க 1, குறித்த இடத்தில் நிறுத்த 3. முதல் 32 இலக்கங்களை இன்டெல் தனக்கென்று ஒதுக்கியும் வைத்தது.

1981 இல் பீசியைக் கொண்டுவந்த ஐபிஎம் அதைப் பொருட்படுத்தவில்லை. 5 ஆம் இலக்கத்தைத் திரையை அச்சிடவும், 8 ஐ மணிக்கூட்டுக்கும் எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே 80286 வந்தது. அதில் 5 என்றால் பவுண்ட் கட்டளையின் எல்லை மீறல். விளைவு வேடிக்கையானது: எல்லை மீறினால் திரை அச்சாகும், முடிந்ததும் புரொசஸர் அதே கட்டளைக்குத் திரும்பும், மறுபடியும் அச்சாகும். தாள் தீரும்வரை! வகுத்தலிலும் ஒரு மாற்றம். 8086 அடுத்த கட்டளையின் முகவரியைக் குறித்துவைத்தது. 80286 தவறு செய்த கட்டளையின் முகவரியையே குறித்தது. பழைய புரொசஸருக்கு எழுதி, எதையும் திருத்தாமல் திரும்பிய நிரல்கள் புதியதில் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே நின்றன.

இனி டிபக்கர், அதாவது வழுநீக்கி. நிறுத்த வேண்டிய கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே 204 என்ற ஒற்றைப் பைட்டைப் போடும். நிரல் அங்கே வந்ததும் 3 ஆம் இலக்கம் வழியாக டிபக்கர் விழித்துக்கொள்ளும். பழைய பைட்டைத் திரும்ப வைத்து, முகவரியை ஒன்று பின்னால் நகர்த்தி, 1 ஆம் இலக்கத்தால் ஒரேயொரு கட்டளையை மட்டும் ஓட்டி, மறுபடி 204 ஐப் போடும். ஒரு பைட்டை வைத்து இத்தனை வேலை! நமக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆனால் டாஸ் காலத்தில் அந்த அட்டவணைக்குக் காவல் இல்லை. எந்த நிரலும் அதில் எழுதலாம். நகலெடுப்பதைத் தடுக்க நினைத்தவர்கள் 1 ஐயும் 3 ஐயும் தங்கள் முகவரியால் மாற்றிவிட்டார்கள், டிபக்கர் குருடாகிவிட்டது. 1985 இல் வந்த 80386 நான்கு முகவரிகளைப் புரொசஸருக்குள்ளேயே கவனிக்க வழி தந்தது. நிரலில் ஒரு பைட்டையும் மாற்ற வேண்டியதில்லை. என்றாலும் அதுவும் 1 ஆம் இலக்கம் வழியாகவே வந்ததால் டாஸில் பழைய சிக்கல் தீரவில்லை.

அட்டவணையை இயங்குதளம் தன் கைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் வழக்குத் தீர்ந்தது. 1993 இல் வந்த விண்டோஸ் என்டி ஒரு வரிசையை வகுத்தது: தவறு நடந்தால் முதலில் டிபக்கரிடம் கேட்கும். அது வேண்டாம் என்றால் நிரலிடம் கேட்கும். நிரலும் கைவிட்டால் இரண்டாம் தடவை டிபக்கரிடமே வரும். அங்கும் ஒருவரும் பொறுப்பேற்காவிட்டால்தான் நிரலை மூடும்.