ஆழமே அளவுகோல்: கைத்துப்பாக்கிக் குண்டின் ஊடுருவலை மதிப்பிட்ட முறைகளின் வரலாறு

முன்னுரை

கைத்துப்பாக்கிக் குண்டு உடலுக்குள் எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும்? அமெரிக்கக் காவல் துறைகளும், தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் அந்நாட்டு மக்களும் இன்று ஒப்புக்கொள்ளும் விடை 12 முதல் 18 அங்குலம். ஏறத்தாழ 30 முதல் 46 செ.மீ. அந்நாட்டுத் தோட்டா நிறுவனங்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்தே குண்டுகளை வடிவமைக்கின்றன. இவ்வளவு உறுதியாகப் பேசப்படும் இந்த எண்ணுக்கு நாற்பதாண்டு வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் குண்டின் விட்டத்தையும் உந்தத்தையும் திசுவில் அது உண்டாக்கும் அதிர்வையும் வைத்து அதன் திறன் மதிப்பிடப்பட்டது. அந்த அளவுகோல்கள் ஒவ்வொன்றும் எப்படி எழுந்தன, ஏன் வீழ்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குண்டின் தரத்தைவிட அது தைக்கும் இடமே முதன்மையானது என்ற உண்மை 1904லேயே எழுதிவைக்கப்பட்டிருந்தும், பிற்கால அளவுகோல்கள் அதைப் பின்னுக்குத் தள்ளின என்பதே இதன் வாதம்.

டம்டம் முதல் ஹேக் வரை

குண்டின் ஊடுருவல் பெரும் விவாதமானது முதலில் ராணுவ ரைபிள்களில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் படைக்கு வந்த 0.303 அங்குலக் குண்டு உலோக உறை போர்த்தியது, வேகமானது. 1895இல் சித்ரால் போரில், அந்தக் குண்டு எதிரியின் உடலைத் துளைத்து மறுபுறம் போய்விடுகிறது, பாய்ந்து வருபவனை நிறுத்துவதில்லை என்று சிப்பாய்கள் முறையிட்டனர். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்டி-கிளே என்பவர் குண்டின் முனையில் உறையை நீக்கி ஈயத்தை வெளித்தெரியவிட்டார். உடலில் பட்டதும் முனை நசுங்கி விரிந்தது. ஊர்ப்பெயரே குண்டின் பெயராயிற்று.

அதன் காயங்கள் ஐரோப்பாவில் எதிர்ப்பைக் கிளப்பின. உடலில் எளிதில் விரியும், தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்ற பிரகடனம் 1899 ஜூலை 29 அன்று ஹேக் மாநாட்டில் உருவானது. பிரிட்டன் 1907இல்தான் அதில் சேர்ந்தது, அமெரிக்கா சேரவேயில்லை. இந்தத் தடை நாடுகளுக்கிடையிலான போருக்கானது. உள்நாட்டுக் காவல் பணியை அது கட்டுப்படுத்தவில்லை. போர்க்களத்தில் விலக்கப்பட்ட விரியும் குண்டு பின்னாளில் நகரத் தெருக்களில் ஏற்கப்பட்டதற்கு இந்த வேறுபாடே வழிவிட்டது.

சிகாகோ இறைச்சிக்கூடச் சோதனை, 1904

பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளோடு மோதிய அமெரிக்கப் படையினர், 0.38 அங்குல ரிவால்வரால் பலமுறை சுட்டும் எதிரி விழவில்லை என்று புகார் செய்தனர். அதை ஆராயும் பொறுப்பு கேப்டன் ஜான் தாம்சனுக்கும் ராணுவ மருத்துவர் மேஜர் லூயி லகார்டுக்கும் 1904இல் அளிக்கப்பட்டது. சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் உயிருள்ள மாடுகளைச் சுட்டுப் பார்த்தனர். மனிதப் பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, அவை எவ்வளவு ஆடின என்று குறித்துக்கொண்டனர். பிணம் ஆடும் அளவுக்கும் உயிருள்ள மனிதன் செயலிழப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்றைய அறிவியல் கண்ணுக்கு அது சோதனையே அல்ல.

ஆயினும் அக்குழு இரண்டு முடிவுகளைத் தந்தது. ராணுவக் கைத்துப்பாக்கியின் விட்டம் 0.45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது ஒன்று. குறிபார்த்துச் சுடுவதில் படையினருக்கு இடைவிடாத பயிற்சி வேண்டும் என்பது மற்றொன்று. முதல் முடிவு வரலாறாயிற்று: ஜான் பிரவுனிங் வடிவமைத்த 0.45 பிஸ்டல் 1911இல் படையில் சேர்ந்தது. இரண்டாவது முடிவு அறிக்கையிலேயே தங்கிவிட்டது. 1930களில் ஆயுத வல்லுநர் ஜூலியன் ஹாட்சர் குண்டின் உந்தம், குறுக்குப் பரப்பு, முனை வடிவம் ஆகியவற்றைக் கொண்டு நிறுத்தும் ஆற்றலுக்கு ஒரு சூத்திரம் வகுத்தார். குண்டு எங்கே படுகிறது என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை.

அதிர்வை அளந்த காலம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நியூட்டன் ஹார்வி குழுவினர் அதிவேக ஒளிப்படங்களின் துணையோடு ஒரு நிகழ்வைத் தெளிவாகப் பதிவுசெய்தனர். குண்டு திசுவைக் கடக்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை ஒரு கணம் விலகிப் பெரும் குழியாக விரிகிறது, உடனே சுருங்கிவிடுகிறது. இதுவே தற்காலிகக் குழி. குண்டு நசுக்கிய பாதை மட்டும் நிலையான குழியாக எஞ்சுகிறது.

1970களில் அமெரிக்க நீதித்துறையின் ஆதரவில் நடந்த ஆய்வொன்று இந்தத் தற்காலிகக் குழியையே அடிப்படையாக்கி, காவல் துறைத் தோட்டாக்களைத் தரவரிசைப்படுத்தியது. ஒப்பீட்டுச் செயலிழப்புக் குறியீடு என்ற அந்த முறையில், எடை குறைந்து வேகம் மிகுந்த குழிமுனைக் குண்டுகள் உயர்ந்த மதிப்பெண் பெற்றன. அவை சீக்கிரம் விரிந்தன; பெரிய குழியை ஏற்படுத்தின; ஆனால் சீக்கிரமே நின்றும்விட்டன. கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் உண்டாகும் தற்காலிகக் குழியைப் பெரும்பாலான தசைகளும் நுரையீரலும் தாங்கிக்கொள்கின்றன, அவை நெகிழும் தன்மையுடையவை என்பதை இக்குறியீடு கணக்கில் எடுக்கவில்லை.

மயாமி, 1986

இந்தக் குறையின் விலை 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் தெரிந்தது. வங்கிக் கொள்ளையர்களான மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் இருவரையும் எஃப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேர் மடக்கினர். மோதலின் தொடக்கத்திலேயே முகவர் ஜெர்ரி டவ் சுட்ட 9 மி.மீ. குழிமுனைக் குண்டு பிளாட்டின் வலக்கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்தை எட்டுமுன் நின்றது. வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தபடியே அந்தக் குண்டு விரிந்திருந்தது. காயம் உயிருக்கு ஆபத்தானதுதான். ஆனாலும் பிளாட் தொடர்ந்து சண்டையிட்டான். டவ்வும் பெஞ்சமின் குரோகனும் அவனால் கொல்லப்பட்டனர். வேறு ஐந்து முகவர்கள் காயமடைந்தனர். கொள்ளையர் இருவரும் இறுதியில் மாண்டனர்.

அந்த மோதலில் உத்திப் பிழைகளும் இருந்தன; பிளாட்டின் ரைபிளுக்கு எதிராகக் கைத்துப்பாக்கிகளோடு முகவர்கள் நின்றதும் ஒரு காரணம். எனினும் எஃப்.பி.ஐ. தன் பார்வையை அந்த ஒரு குண்டின் மேல் குவித்தது. 1987இல் அதன் குவாண்டிகோ பயிற்சிக் கழகத்தில் காயவியல் வல்லுநர்களைக் கூட்டியது.

ஃபேக்லரின் ஜெலட்டின்

அந்தக் கூட்டத்தில் பெரும் செல்வாக்குப் பெற்ற கருத்து டாக்டர் மார்ட்டின் ஃபேக்லருடையது. வியட்நாம் போரில் காயமுற்றோருக்கு அறுவை செய்த அவர், 1980களில் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் ராணுவ ஆய்வு நிலையத்தில் காயவியல் ஆய்வகத்தை நடத்திவந்தார். 10 சதவீத ஜெலட்டின் கட்டியை 4 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுட்டால், குண்டு அதில் செல்லும் ஆழம் பன்றித் தசையில் செல்லும் ஆழத்தோடு ஒத்துப்போகிறது என்று அவர் காட்டினார். கட்டி சரியாக உறைந்திருக்கிறதா என்று அறியவும் வழி வகுத்தார்: 4.5 மி.மீ. எஃகுக் குண்டு நொடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் ஏறத்தாழ 8.5 செ.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். யார் எந்த ஊரில் சோதித்தாலும் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது இதனால்தான். அவருடைய தலையாய பங்களிப்பு இதுவே எனலாம்.

எஃப்.பி.ஐ.யின் யூரி பேட்ரிக் 1989இல் எழுதிய அறிக்கை அந்தக் கூட்டத்தின் சாரத்தைத் தொகுத்தது. மூளையோ முதுகுத்தண்டின் மேற்பகுதியோ தாக்கப்பட்டால்தான் ஒருவர் உடனடியாகச் செயலிழப்பார். மற்றபடி இரத்த இழப்பால்தான் வீழ்வார். இதயமே சிதைந்தாலும் 10 முதல் 15 நொடிகள் இயங்குமளவு ஆக்ஸிஜன் மூளையில் இருக்கும். ஆகவே முக்கிய உறுப்பை எட்டாத குண்டு எவ்வளவு விரிந்தும் பயனில்லை. கை குறுக்கே வரலாம், உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கலாம் என்பதைக் கருதியே 12 அங்குலம் குறைந்த வரம்பாயிற்று. வெற்று ஜெலட்டின், கனத்த ஆடை, எஃகுத் தகடு, சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, கார்க் கண்ணாடி உள்ளிட்ட எட்டு வகைச் சோதனைகள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து முறை சுடப்பட்டது.

வரம்பின் மறுபக்கம்

குண்டு ஆழம் போனால் மட்டும் போதாது என்பதை நியூயார்க் உணர்த்தியது. அந்நகரக் காவல் துறை முழு உறைக் குண்டுகளைப் பயன்படுத்திவந்தது. அவை இலக்கைக் கடந்து அப்பால் நிற்பவர்களையும் தாக்கும் ஆபத்து இருந்தது. 1998இல் குழிமுனைக் குண்டுகளுக்கு மாறத் துறை முடிவெடுத்தது. ஹேக்கில் கொடூரமெனக் கருதப்பட்ட வடிவம், நியூயார்க்கில் வழிப்போக்கரைக் காக்கும் வடிவமாக வாதிடப்பட்டது.

எஃப்.பி.ஐ.யும் ஒரு முழுச்சுற்று வந்தது. மயாமிக்குப் பின் 10 மி.மீ. தோட்டாவுக்குப் போனது, அதன் உதைப்பு பலருக்குக் கடினமாக இருக்கவே, 1990இல் அறிமுகமான 0.40 அங்குலத் தோட்டாவைப் பின்னர் ஏற்றது. 2014இல் அதன் பயிற்சிப் பிரிவு 9 மி.மீ.க்கே திரும்பப் பரிந்துரைத்தது. புதிய குண்டுகள் எல்லா விட்டங்களிலும் ஆழ வரம்பை நிறைவுசெய்கின்றன, காவலர்கள் மோதலில் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 சதவீதம் குறிதவறுகின்றன, உதைப்பு குறைந்த துப்பாக்கியால் துல்லியமாகச் சுட முடியும் என்பன அது கூறிய காரணங்கள். லகார்டும் தாம்சனும் இடைவிடாத பயிற்சியால் பெறச் சொன்ன துல்லியமே நூற்றுப் பத்தாண்டுக்குப் பின் மீண்டும் மேலே வந்தது.

முடிவுரை

விட்டம், உந்தம், அதிர்வு, ஆழம் என்று மாறிய அளவுகோல்களில், மீண்டும் மீண்டும் சோதித்து உறுதிசெய்யத்தக்கதாக நின்றது ஆழமே. ஆனால் ஜெலட்டினில் எலும்பு இல்லை, தோல் இல்லை, அச்சத்தில் நடுங்கும் கையும் இல்லை. அது குண்டுகளை ஒப்பிட உதவும். மோதலின் முடிவை முன்னறிவிக்காது. காவல் பணிக்காக வகுக்கப்பட்ட 12 முதல் 18 அங்குல வரம்பை வீட்டுத் தற்காப்புக்கான உத்தரவாதமாகக் கொள்வதும் தவறு. குறிதவறிய குண்டு மெல்லிய சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தையை எட்டக்கூடும். எந்தத் தோட்டாவும் தவறிய குறியை ஈடுசெய்யாது, சுட்டவரின் பொறுப்பையும் குறைக்காது. துப்பாக்கியை அனுமதிக்கும் எந்தச் சமூகமும் தோட்டாவின் தரத்தைப் பேசுமுன் பயிற்சியையும் பொறுப்பையும் கட்டாயமாக்க வேண்டும்.