காணப்படாத காயம்: ஜொகூர்த் தோட்டத் தொழிலாளரும் இழப்பீட்டு உரிமையும்

முன்னுரை

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதியோர் குடியேற்றம், கங்காணி முறை, கூலி, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அத்தொழிலாளரின் உடலைப் பற்றிய ஆய்வு அந்த அளவிற்கு வளரவில்லை. அவ்வாறு எழுதப்பட்டவற்றிலும் மலேரியாக் காய்ச்சல், இறப்பு விகிதம், மகப்பேறு ஆகியனவே முதலிடம் பெற்றன. நாற்பது ஆண்டுகள் பால் வாளியையும் செம்பனைக் குலையையும் சுமந்த முதுகு வரலாற்றுப் பொருளாகக் கருதப்பட்டது அரிது.

பிறர் செயலால் முதுகில் காயமுற்ற ஒரு தொழிலாளி அதற்குரிய இழப்பீட்டை எவ்வாறு கோரினார், சட்டம் அவருக்கு எதைத் தந்தது, எதைத் தர மறுத்தது என்பதை ஜொகூர் மாநிலத் தோட்டங்களை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. உரிமையை வழங்கும் சட்டங்கள் படிப்படியாக வந்து சேர்ந்தன. எனினும், முதுகுக் காயத்தைப் பொறுத்தவரை அவ்வுரிமை எழுத்துப் பதிவு என்னும் ஒரு வாயிலைக் கடந்த பிறகே தொழிலாளியின் கைக்கு எட்டியது. பலருக்கு அவ்வாயில் திறக்கவில்லை என்பதே நாம் இங்கு நிறுவ விரும்பும் கருத்தாகும்.

தோட்டமும் முதுகும்

1909ஆம் ஆண்டில் கெமாசுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையிலான இரயில் பாதை நிறைவு பெற்றதும் சிகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் ஆகிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அத்தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். ஜொகூர் அப்பொழுது கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்றாக இருக்கவில்லை. 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்ற பின்னரும் அது தனி மாநிலமாகவே நீடித்தது. ஆகவே, பேராவிலும் சிலாங்கூரிலும் வந்த தொழிலாளர் சட்டம் தானாகவே ஜொகூருக்குப் பொருந்திவிடவில்லை. அம்மாநிலம் தனக்கெனச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

வேலையின் தன்மையை நோக்கினால் முதுகு படும் பாடு விளங்கும். விடியற்காலைப் பிரட்டு முடிந்ததும் பால்வெட்டும் தொழிலாளி தம் நிரைக்குச் செல்வார். தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும் உயர்ந்த வெட்டுக்கு அண்ணாந்தும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவுவார். பின்னர் மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, மேடு பள்ளங்களைக் கடந்து பால் கொட்டகைக்குச் சுமந்து செல்வார். 1960களிலும் 1970களிலும் பல தோட்டங்கள் இரப்பரை அழித்துச் செம்பனைக்கு மாறியபொழுது சுமையின் வடிவம் மாறியதேயன்றிச் சுமை குறையவில்லை. நன்கு வளர்ந்த செம்பனைக் குலை 20 கிலோகிராமுக்கும் மேல் எடையுடையது. உயரத்திலிருந்து அதை அறுத்துத் தள்ளுவதும், தரையிலிருந்து தூக்கி வண்டியில் ஏற்றுவதும் இடுப்பெலும்பையும் தண்டுவடத்தையும் நேரடியாகத் தாக்கும் வேலைகளாகும்.

இவ்வாறு நாள்தோறும் நிகழும் தேய்மானம் ஒருபுறம். இழுவை வண்டி கவிழ்ந்தோ, தொழிலாளரை ஏற்றிச் சென்ற லாரி மோதியோ, மற்றொருவர் வெட்டிய குலை மேலே விழுந்தோ ஏற்படும் காயம் மறுபுறம். முன்னதற்குக் குறிப்பிட்ட நாளோ காரணமானவரோ இல்லை. பின்னதற்கு இரண்டும் உண்டு. இழப்பீட்டுச் சட்டத்தின் கண்கள் நெடுங்காலம் பின்னதை மட்டுமே காணப் பழகியிருந்தன.

தவறு என்னும் தடை

பிறரால் காயமுற்றவர் நிவாரணம் பெற வேண்டுமெனில் அப்பிறர் தவறிழைத்தார் என நிறுவ வேண்டும் என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் அடிப்படை. தொழிலாளருக்கு அதுவும் எளிதாக இல்லை. 1837இல் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கில், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி உடைந்து காயமுற்ற இறைச்சிக் கடைப் பணியாளர் தம் முதலாளியிடம் இழப்பீடு பெற இயலவில்லை. அத்தீர்ப்பின் வழி, உடன் பணிபுரிவோரின் தவறுக்கு முதலாளி பொறுப்பாகார் என்னும் கோட்பாடு வலுப்பெற்றது. இங்கிலாந்தில் அக்கோட்பாடு முற்றாக நீக்கப்பட்டது 1948இல்தான்.

இத்தடையைச் சுற்றிச் செல்லவே தவறு யாருடையது என்று கேளாமல் இழப்பீடு வழங்கும் சட்டங்கள் தோன்றின. ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டைக் கொணர்ந்தது. பிரிட்டன் 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. 1900இல்தான் விவசாயத் தொழிலாளர் அதனுள் சேர்க்கப்பட்டனர். இந்தியா 1923இல் இத்தகைய சட்டத்தைப் பெற்றது. மலாயாவில் மாநில அளவில் சிதறிக் கிடந்த ஏற்பாடுகளுக்குப் பின்னர், 1948இல் உருவான மலாயாக் கூட்டரசு 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. ஜொகூர்த் தோட்டத் தொழிலாளியும் பேராத் தோட்டத் தொழிலாளியும் இதன்வழி ஒரே சட்டத்தின் கீழ் வந்தனர். வேலையின்பொழுது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்பது போதுமானதாக இருந்தது. முதலாளியின் தவறை நிறுவ வேண்டியிருக்கவில்லை.

ஆயினும், இத்தகைய சட்டங்களுடன் இணைந்த ஊனப் பட்டியல்களை ஊன்றி நோக்க வேண்டும். கை இழப்பு, கால் இழப்பு, விரல் இழப்பு, பார்வை இழப்பு என வெட்டுண்ட உறுப்புகளையும் கெட்ட புலன்களையும் அவை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் விழுக்காடு குறித்தன. ஆலை இயந்திரத்தில் விரல் போனவருக்கு விடை பட்டியலிலேயே இருந்தது. தண்டுவடத் தட்டு பிதுங்கிக் குனிய இயலாமற்போன பால்வெட்டுத் தொழிலாளிக்கு அவ்வாறு இல்லை. அவருடைய ஊனத்தின் அளவை மருத்துவர் மதிப்பிட்டுக் கூற வேண்டும். காணக்கூடிய காயத்திற்குப் பட்டியலும், காணப்படாத காயத்திற்கு மற்றொருவரின் கருத்தும் அளவுகோல்களாயின எனலாம்.

1969ஆம் ஆண்டுச் சட்டம்: பெற்றதும் கொடுத்ததும்

1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அடுத்த திருப்புமுனையாகும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தோடு இது நெருங்கிய ஒற்றுமை உடையது. இதனைச் செயற்படுத்த 1971இல் தோன்றிய சொக்சோ நிறுவனம், முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் சந்தாவைக் கொண்டு உதவிநிதி வழங்கியது. தற்காலிக ஊனத்திற்குச் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடும், முழுமையான நிரந்தர ஊனத்திற்கு 90 விழுக்காடும் அளவாயின. பகுதி ஊனத்தை மருத்துவ வாரியம் மதிப்பிடும்; அதன் முடிவை ஏற்காதவர் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தை நாடலாம். வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும்.

இதற்கு ஈடாகத் தொழிலாளி ஒன்றை விட்டுக்கொடுத்தார். அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு, காப்புறுதி பெற்ற தொழிலாளி அதே காயத்திற்காகத் தம் முதலாளியிடமோ அம்முதலாளியின் பணியாளரிடமோ வேறு சட்டத்தின்வழி இழப்பீடு கோருவதைத் தடுக்கிறது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோட்டத்து இழுவை வண்டியை உடன் பணியாளர் கவனமின்றி ஓட்டிக் கவிழ்த்ததால் ஒருவர் முதுகெலும்பு முறிந்தது எனக் கொள்வோம். அவர் சொக்சோ உதவியைப் பெறுவார். முதலாளிமீது வழக்குத் தொடுக்க இயலாது. அதே தொழிலாளியைத் தோட்டத்திற்குத் தொடர்பில்லாத ஒரு லாரி நெடுஞ்சாலையில் மோதியிருந்தால், அந்த லாரியோட்டியின்மீது அவர் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். வலி ஒன்றே; காயப்படுத்தியவர் யார் என்பதைப் பொறுத்து உரிமையின் எல்லை மாறுகிறது.

ஜொகூருக்கே உரிய ஓர் ஒப்பீடும் இங்குக் கருதத்தக்கது. தோட்டங்கள் சுருங்கியபின் தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் பாசிர் கூடாங் ஆலைகளுக்கும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றனர். சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் காயமுற்றவர் அச்சட்டத்தின்படி கோரலாம் அல்லது முதலாளியின்மீது உரிமையியல் வழக்கைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் ஒருங்கே பெற இயலாது. பாலத்தின் ஒரு பக்கம் தேர்வு தொழிலாளியின் கையில். மறுபக்கம் சட்டமே தேர்ந்துவிட்டது. எது மேல் என்பது விவாதத்திற்குரியது. வழக்காடும் வசதியற்றவருக்கு மலேசிய முறையின் உறுதியான மாதத் தொகை பெருந்துணையாகும் என்பதை மறுப்பதற்கில்லை.

வயதும் தேய்மானமும்

வெளியார்மீது தொடுக்கும் வழக்கில் 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டமே அடிப்படை. 1984இல் அதில் சேர்க்கப்பட்ட 28அ பிரிவு, எதிர்கால வருமான இழப்பைக் கணக்கிடும் முறையை வரையறுத்தது. 30 வயதுக்கு உட்பட்டவர்க்கு 16 ஆண்டுகள். 31 முதல் 54 வயது வரை, 55இலிருந்து வயதைக் கழித்து வருவதில் பாதி. 55 வயதை எட்டியவர்க்கு இத்தலைப்பில் ஒன்றுமில்லை. 50 வயதில் முதுகு முறிந்த ஒருவருக்கு இரண்டரை ஆண்டு வருமானமே கணக்கில் வந்தது. 55ஐக் கடந்தும் குடும்பத்திற்காக வெளிக்காட்டு வேலைக்குச் சென்றவர்களை இக்கணக்கு அறியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வயது வரம்பை 60ஆக உயர்த்தியது. அதன்படி அதே 50 வயதினருக்கு ஐந்து ஆண்டுகள் கிடைக்கும்.

1984இல் வந்த அப்பிரிவின் மற்றொரு நிபந்தனை, காயத்திற்கு முன் அவர் நல்ல உடல்நலத்துடன் இருந்திருக்க வேண்டும் என்பதாக இருந்தது. முதுகுக் காயத்தில் இது கூர்மையான ஆயுதமாக இருந்தது. எக்ஸ்ரே படத்தில் தண்டுவடத் தேய்மானம் தெரிந்தால், வலிக்குக் காரணம் விபத்தன்று, வயதே என எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. காயப்படுத்தியவர் தம்மால் பாதிக்கப்பட்டவரை அவர் இருக்கும் நிலையிலேயே ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடு ஆங்கிலச் சட்டத்தில் 1901 முதல் பேசப்பட்டு வருவதே. எனினும், எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது எனப் பிரிக்கும் பொறுப்பு மருத்துவ அறிக்கையைச் சார்ந்தே அமைகிறது. தோட்டத்திற்காக இருபது ஆண்டுகள் சுமந்ததால் வந்த தேய்மானத்திற்கு எவரும் இழப்பீடு தரவில்லை. பின்னர் வேறொருவர் மோதியபொழுது, அதே தேய்மானம் அவர் பெறவிருந்த தொகையைக் குறைக்கும் சான்றாக நின்றது. இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி இதுவேயாகும்.

பதிவு என்னும் வாயில்

மேற்கண்ட எல்லா வழிகளும் இறுதியில் தாளில் வந்து முடிகின்றன. சொக்சோ முறையில் விபத்தை 48 மணி நேரத்திற்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை. சாலை விபத்திற்குப் போலீஸ் புகார் வேண்டும். பொதுவாக, உரிமையியல் வழக்கை ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் விதி. அரசுத் துறைக்கு எதிரானதாயின் மூன்று ஆண்டுகளே.

தோட்டச் சூழலில் இப்பதிவு எவ்வாறு உருவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விழுந்தவர் முதலில் மண்டோரிடம் சொல்வார். மண்டோர் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி எழுத வேண்டும். தோட்ட மருந்தகத்து டிரெசர் தைலமும் மாத்திரையும் கொடுத்து இரண்டு நாள் ஓய்வு எழுதினால், விபத்து வெறும் முதுகுவலியாக ஏட்டில் பதியும். விரல் அறுந்தால் இரத்தமே சாட்சி. முதுகுக்கு அச்சாட்சி இல்லை. நாட்கூலியும் எடைக்கூலியும் பெறுபவர் மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பினால், காயம் சிறியது என்பதற்கு அவரே சான்றளித்தவராகிறார். வலி தாங்காமல் ஓராண்டு கழித்து அரசு மருத்துவமனைக்குச் சென்றால், அந்த நாளையும் இந்த வலியையும் இணைக்கும் தாள் எங்கும் இருக்காது. படிவங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க, காயமுற்றவர் தமிழில் சொன்னதை மற்றொருவர் சுருக்கி எழுதும் இடைவெளியும் இதனுடன் சேரும்.

1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இவ்விடைவெளியில் ஆற்றக்கூடிய பணி பெரிது. கூலி உயர்வுப் போராட்டங்களைப் போல் ஒரு தொழிலாளியின் விபத்துப் படிவத்தைப் பூர்த்தி செய்வது வரலாற்றில் இடம்பெறுவதில்லை. அக்குடும்பத்திற்கோ அதுவே பெரிய வெற்றியாகும். குத்தகை முறை பரவியபொழுது மற்றொரு சிக்கல் எழுந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் முதன்மை முதலாளி, நேரடி முதலாளி என இருவரையும் கருத்தில் கொண்டிருந்தாலும், குத்தகைக்காரர் பெயரைப் பதியாமல் வேலை வாங்கினால் காயமுற்றவர் தாம் தொழிலாளி என்பதையே முதலில் நிறுவ வேண்டியிருந்தது.

முடிவுரை

இன்று ஜொகூர்த் தோட்டங்களில் குலை சுமப்போர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 1993இல் அவர்கள் சொக்சோவிலிருந்து நீக்கப்பட்டுப் பழைய 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டனர். 2019இல்தான் மீண்டும் சொக்சோவுக்குள் வந்தனர். நம் பாட்டனார் தமிழில் சொல்லியும் ஏட்டில் ஏறாத வலியை இன்று அவர்கள் தங்கள் மொழிகளில் சொல்கின்றனர். ஆகவே, இவ்வாய்வு தமிழரின் கடந்த காலத்தைப் பற்றியது மட்டுமன்று.

ஆய்வாளர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் இங்கு ஒரு பணி உள்ளது. தோட்டங்கள் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்டபொழுது குடும்பங்கள் தம் உடைமைகளைத் தகரப் பெட்டிகளில் கொண்டு சென்றன. மருத்துவச் சீட்டு, சொக்சோ கடிதம், சங்கத்திற்கு எழுதிய மனுவின் நகல் போன்றவை அவற்றுள் எஞ்சியிருந்தால் அவை வரலாற்றுச் சான்றுகளாகும். மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் எந்த ஆண்டில், எந்த நிரையில், எதைச் சுமக்கையில் விழுந்தார்கள் எனக் கேட்டு எழுதலாம். பெயர்களை மறைத்து அவற்றைத் தொகுப்பது பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். இழப்பீட்டிற்கான காலவரையறை அவர்களுக்கு எப்பொழுதோ கடந்துவிட்டது. பதிவிற்கான காலம் இன்னும் கடக்கவில்லை. ஆனால், கேட்டு எழுதப்பட வேண்டியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.