எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் வாடகை வீட்டுரிமை (சென்னை)

எச்.ஐ.வி. தொற்றுள்ள ஏழைகளின் வீட்டு வாடகையில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் திட்டம் அமெரிக்காவில் 1990 முதல் உண்டு. அதன் வாடகை உதவியில் பயனாளி தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைக் கட்டுவார். மீதி அரசின் பொறுப்பு. இந்தியாவில் தேசிய அளவில் அப்படியொரு திட்டம் இல்லை. இங்கே இருப்பது பணமல்ல, சட்டம்.

2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வீடு தர மறுப்பதையும் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வதையும் தடை செய்கிறது. தொற்றுள்ளவரோடு ஒரே வீட்டில் வசிப்போருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பிரிவு 29 வீட்டுக்குள்ளேயும் நுழைகிறது: தொற்றுள்ள கணவனை இழந்த மருமகளை மாமியார் வீடு வெளியேற்ற முடியாது, குளியலறையைத் தனியாக்கி ஒதுக்கவும் முடியாது. பாகுபாடு பற்றிய புகாரை இச்சட்டப்படியான குறைதீர்ப்பாளர் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அவர் உத்தரவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கூடுதல். நீதிமன்றத்தில் புனைபெயரில் வழக்காடவும் வழியுண்டு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், மாணவி நிர்மலாவைக் கொண்டு செய்வித்த ஆய்வில் அது தெரியவந்தது. 1993-இல் சாலமன் தொடங்கிய எச்.ஐ.வி. சிகிச்சை மையமான ஒய்.ஆர்.ஜி. கேர், தி. நகரில் இயங்கிப் பின்னர் அடையாறை அடுத்த தரமணிக்குப் பெயர்ந்தது. இப்படி, சிகிச்சைக்கு வருவோர் அருகிலேயே வாடகைக்கு இடம் தேடினால், அதுவும் நகரின் விலையுயர்ந்த பகுதிகளை ஒட்டித்தான்.

அங்கே முதல் தடை அட்வான்ஸ். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைப் பொது அளவாக வைத்தாலும், பத்து மாத அட்வான்ஸ் கேட்பது சென்னையில் பழகிப்போன வழக்கம். அதைப் புரட்டிக் கொடுத்தாலும் மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்தில் குழாயடியும் கழிப்பறையும் பொது. நோய் மற்றவருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டே பலர் வீட்டுக்குள் கொண்டு போகிறார்கள். வீட்டுக்காரரும் நோயைச் சொல்லிக் காலி செய்யச் சொல்வதில்லை. "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்பார். பாகுபாட்டை மெய்ப்பிப்பது கடினம். புகார் கொடுத்தால் இதுவரை தெரியாத அக்கம்பக்கத்துக்கும் தெரிந்துவிடும் என்ற பயம் வேறு.

மற்ற உதவிகள் வாடகையைத் தொடுவதில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள தொற்றுள்ளோரை அந்த்யோதயா ரேஷன் திட்டத்தில் சேர்க்க 2009-இல் மத்திய அரசு அறிவுறுத்தியது. அதே ஆண்டு தமிழக அரசு தொடங்கிய அறக்கட்டளை, எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படிப்புக்கும் ஊட்டச்சத்துக்கும் உதவுகிறது.